மனவடு ஆற்ற மாநகராட்சி முதலில் எதைத் தொடங்க வேண்டும்?

அந்த அம்மாவின் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் ஏறாது. ஆனாலும் ஐப்பசியில் வானம் இருட்டத் தொடங்கினால் அவர் எழுந்துபோய் ஒரு மஞ்சள் பையை எடுப்பார். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பேத்தியின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பைக்குள் வைத்து, வாயை இறுக்கக் கட்டி, பரணில் ஏற்றிவிட்டுத்தான் உட்காருவார். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்த அவருடைய வீட்டுக்குள் இரவோடு இரவாக வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு தென்சென்னையின் விளிம்பில் உள்ள இந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். "இங்கே தண்ணீர் வராது என்று எனக்கே தெரியும். ஆனால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது" என்றார்.

சுகாதார முகாம்களில் பதிவேடு எழுத உட்காரும் தன்னார்வலர் நான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை என்று கட்டம் கட்டமாக நிரப்பும் அந்தப் பதிவேட்டில், பரணில் ஏறும் பைக்கு ஒரு கட்டம் கிடையாது. 'தூக்கம் வருவதில்லை', 'நெஞ்சை அடைக்கிறது', 'ஒரே யோசனையாக இருக்கிறது' என்று வருகிறவர்களுக்கு வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறோம். ஈழத்து மருத்துவர்கள் போருக்கும் சுனாமிக்கும் நடுவில் வேலை செய்தபோது இதற்கு ஒரு நல்ல சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்: மனவடு. ஆறிய காயத்தின் தழும்புதான் வடு. மழைக்காலத்தில் அது அரிக்கும். ஒரு தெருவே சேர்ந்து அடிபட்டால் அந்த வடு தனி ஆளின் உடம்பில் மட்டும் இருப்பதில்லை, தெருவிலும் இருக்கிறது.

அண்மையில் நாங்கள் சிலர் கூடி, பகுதி சபைக் கூட்டத்தில் இதுபற்றி எதைக் கேட்பது என்று பேசினோம். சென்னைக்கென்று 2019 இல் ஒரு மீள்திறன் வியூக அறிக்கை வெளியானது. அடிபட்ட நகரம் மறுபடி எழுந்து நிற்கும் திறனைத்தான் மீள்திறன் என்கிறார்கள். ஆனால் மீள்திறன் என்றதும் நம் பேச்சு மழைநீர் வடிகாலில் தொடங்கி மோட்டார் பம்பில் முடிந்துவிடுகிறது. வடிகால் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. வடிகால் கட்டிய பிறகும் மிஞ்சுகிற பயத்துக்கு மாநகராட்சி என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் கேள்வி. நான்கு யோசனைகள் வந்தன. மனநல வல்லுநர்களை வரவழைப்பது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பேச வருகிறவர்களோடு உட்காரவைப்பது. மாநகராட்சி ஊழியர்களுக்கே பயிற்சி கொடுப்பது. சுவரொட்டி, சுவர் ஓவியம், திறந்தவெளி நிகழ்ச்சிகள் மூலம் ஊரின் மனநிலையை மாற்றுவது. நான்கையும் வெவ்வேறு ஊர்கள் செய்து பார்த்திருக்கின்றன. கையில் இருக்கிற சிறு தொகையை முதலில் எதில் போடுவது என்பதில் எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. அதற்கான காரணங்களை எழுதுகிறேன்.

வல்லுநர்களை வரவழைப்பதுதான் முதலில் யாருக்கும் தோன்றுவது. கால் ஒடிந்தால் எலும்பு மருத்துவர், மனம் ஒடிந்தால் மனநல மருத்துவர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஆலோசகர்கள் குழு குழுவாக வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், அழுதுவிடுங்கள் என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு வந்து அதையே கேட்டது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி அந்த அலையை எத்தனை முறை திரும்பச் சொல்லுவாள்? பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியானது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011 இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழி சொல்கிறது: பேசும்படி நெருக்காதே, பசிக்கிறதா என்று கேள், உறவினரோடு சேர்த்துவை, பாதுகாப்பான இடம் காட்டு, பேசினால் காது கொடு.

வல்லுநர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும், மனச்சிதைவு உள்ளவருக்கும், குடியில் முழுகிப்போனவருக்கும் மருத்துவர்தான் வேண்டும், உடனே வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் இந்தக் குடியிருப்பிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழந்து 'எனக்கு யோசனையாக இருக்கிறது' என்று சொல்ல யார் போவார்கள்? வல்லுநர் எல்லா ஏற்பாட்டுக்கும் பின்னால் நிற்க வேண்டிய தூண். வாசலில் வேறு ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்த வாசலை எப்படி அமைப்பது என்று எனக்குக் காட்டியது ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே. 2005 இல் அந்நாட்டு அரசு, நகரங்களைத் துப்புரவாக்குகிறோம் என்று சொல்லிக் குடிசைகளையும் நடைபாதைக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. 'முரம்பட்ஸ்வினா நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் புல்டோசரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நாட்டுக்கே விரல்விட்டு எண்ணத்தக்க மனநல மருத்துவர்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டாவின் சிகிச்சையில் இருந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வர பஸ் கட்டணம் இல்லாததால் அந்தப் பெண்ணால் மறு பரிசோதனைக்கு வர முடியவில்லை. அதை அறிந்த பிறகுதான், மருத்துவமனைக்கு வரச் சொல்லிக் காத்திருப்பதில் பொருளில்லை என்று சிபாண்டா முடிவுசெய்தார்.

ம்பாரே என்ற நெருக்கடியான பகுதியில், நகரச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த 14 பாட்டிகளோடு அவர் வேலையைத் தொடங்கினார். கட்டடத்துக்குள் அறை கிடைக்கவில்லை. வெளியே மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டார்கள். முதலில் அதை 'மனநல பெஞ்ச்' என்று அழைத்தார்கள். யாரும் வந்து உட்காரவில்லை. பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள்தான். 'நட்பு பெஞ்ச்' என்று ஆனது, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருத்துவப் பாடத்தில் வராத இந்தத் திருத்தத்தில்தான் அந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெஞ்சில் என்ன நடக்கிறது? வருகிறவரிடம் ஷோனா மொழியில் அமைந்த 14 கேள்விகளைப் பாட்டி கேட்பார். 'மனச்சோர்வு' என்ற சொல்லைச் சொல்லமாட்டார். அந்த மக்கள் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவு மீறி யோசிப்பது என்று பொருள். நம் தெருவில் 'யோசனையிலேயே கிடக்கிறாள்' என்று சொல்கிறோமே, அதேதான். பிறகு மனதைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, திடப்படுத்துவது என்று மூன்று படிகள். வந்தவர் தன் தொல்லைகளை எல்லாம் சொல்லுவார். அவற்றில் எதை முதலில் தீர்ப்பது என்று அவரே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வீட்டு வாடகையாக இருக்கலாம், அடிக்கும் கணவனாக இருக்கலாம், பள்ளிக்குப் போகாத பிள்ளையாக இருக்கலாம். அடுத்த சந்திப்புக்குள் அதில் என்ன செய்வது என்று ஒரு சிறு அடியை இருவருமாகப் பேசி முடிவுசெய்வார்கள். இப்படி ஆறு அமர்வுகள் வரை. விரும்பினால் அதன் பிறகு ஒரு குழுவில் சேரலாம். அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கை வேலையில் இருந்தால் வாய் திறக்கும் என்பது பூக்கட்டும் பெண்களுக்கும் பீடி சுற்றும் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி.

இது வெறும் நெகிழ்ச்சியான கதையாக நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் முறையான சோதனை நடத்தினார்கள். 2016 இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன; பாட்டிகளிடம் போனவர்களில் 14 சதவீதத்தினரிடம்தான் இருந்தன. நம் நாட்டிலும் கோவாவில், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்திப் பார்த்தார்கள். அதன் முடிவு 2010 இல் 'லான்செட்' இதழில் வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஹராரே சோதனையில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் பெஞ்சுக்கு வருவதில்லை. எங்கள் குடியிருப்பிலும் அதுதான் நடக்கும். வேலை நகரத்தில், வீடு விளிம்பில் என்று ஆனபின் போக்குவரத்திலேயே நாளைத் தொலைத்துவிட்டு, வழியில் டாஸ்மாக்கில் நின்று வருகிற ஆண், ஒரு பாட்டியின் எதிரில் உட்கார்ந்து அழமாட்டான். அவனுக்கு ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் வேறு வழி காண வேண்டும். இன்னொன்று: அந்தச் சோதனை அளந்தது மனச்சோர்வையும் பதற்றத்தையும். பேரிடர் விட்டுச்சென்ற எல்லா வகை வடுவும் ஆறு அமர்வில் ஆறும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது யோசனை, ஊழியர்களுக்கே பயிற்சி. இதற்கு நான் பார்ப்பது அமெரிக்காவின் பால்டிமோர். சுமார் 6 லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் 2015 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் 300க்கு மேற்பட்ட கொலைகள். 2019 பிப்ரவரியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஊழியர் ஒருவர் சுடப்பட்டார். மாணவர்கள் நகரசபைக்கு வந்து, தாங்கள் நாள்தோறும் எதைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்காருகிறோம் என்று பேசினார்கள். ஜீக் கோஹன் என்ற உறுப்பினர் முன்னின்று எடுத்துச்செல்ல, 2020 இல் 'எலைஜா கம்மிங்ஸ் ஆற்றும் நகரச் சட்டம்' நிறைவேறியது. மக்களோடு புழங்கும் நகரத் துறைகளின் ஊழியர்களுக்கு மனவடுவை அறிந்து நடந்துகொள்ளும் பயிற்சி தர வேண்டும், காயத்தைக் கிளறும் விதிகளைத் துறைகள் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். முதலில் பயிற்சி பெற்றவர்களில் பொது நூலக ஊழியர்களும் உண்டு. போக்கிடம் இல்லாத பிள்ளைகள் நாள் முழுக்க உட்காரும் இடம் நூலகம்தானே.

முதலில் படித்தபோது எனக்கு இது சுற்றிவளைத்த வழியாகப் பட்டது. நேரில் பார்த்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றியது. வெள்ளத்தில் வீட்டுப் பத்திரங்களைப் பறிகொடுத்த ஒரு பெண்ணோடு நகல் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "தொலைந்தது என்பதற்கு என்னம்மா ஆதாரம்?" என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தவர், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தைப் பற்றி என்னிடம் நிதானமாகவே பேசியிருந்தவர் அவர். அவரை அன்று உடைத்தது அந்த ஒரு கேள்வி. கேட்டவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள், விதிமுறையும் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரமும் இதையே கண்டது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அங்கே 185 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் மக்களை அரித்தவற்றில் காப்பீட்டு இழுபறி, பழுதுபார்க்கும் ஒப்பந்தத் தகராறு, பதில் வராத கடிதங்கள் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு இருந்தது. பூமி நடுங்கியதை மறந்தவர்கள்கூட விண்ணப்பப் படிவத்தை மறக்கவில்லை. நம் ஊரில் 2015 நிவாரணத் தொகைக்கும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடைகளில் கொடுத்த 6,000 ரூபாய்க்கும் நின்ற வரிசைகளை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கிடைத்தவர், கிடைக்காதவர், கார்டு வேறு முகவரியில் இருந்தவர் என்று ஒரே மாடியில் மூன்று விதமான மனம். நகரம் தன் கையாலேயே இரண்டாவது காயத்தை உண்டாக்குகிறது.

அப்படியானால் ஊழியர் பயிற்சியையே முதலில் வைக்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள். விதி மாறாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால், அதே கேள்வியைக் கொஞ்சம் மென்மையான குரலில் கேட்பார்கள், அவ்வளவுதான். விதியை மாற்றும் அதிகாரம் ஒரு வார்டுக்குக் கிடையாது. மன்றத் தீர்மானமும் அரசாணையும் வேண்டும். அடுத்தது, இடம் மாறிவிடும் ஊழியர்கள். பயிற்சி பெற்றவர் அடுத்த மாதம் வேறு மண்டலத்தில் இருப்பார். பால்டிமோர் இதைச் சட்டமாக்கியது அதனால்தான், மேயர் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது என்று. இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அது வரும்வரை பரணில் பை ஏற்றுகிற அம்மாவைக் காக்கவைக்க முடியாது.

சுவரொட்டியும் ஓவியமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறைஸ்ட்சர்ச்சில் 2013 முதல் நடந்த 'ஆல் ரைட்?' இயக்கம், சோர்வாக இருப்பது தவறில்லை என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியது. இடிந்த கட்டடங்களின் காலி மனைகளில் 'கேப் ஃபில்லர்' குழுவினர் சின்னச் சின்னப் பொழுதுபோக்கிடங்களை அமைத்தார்கள். நாணயம் போட்டால் பாட்டு ஒலிக்கும் ஒரு சலவை இயந்திரத்தை வைத்து நடன மேடைகூடப் போட்டார்கள். நம் கண்ணகி நகரில் 2020 தொடக்கத்தில் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. 'கண்ணகி நகர்' என்றாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு வந்தார்கள். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பயந்த பிள்ளைகளுக்கு அதில் ஒரு நிமிர்வு கிடைத்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சுவர் திரும்பப் பேசாது. மற்றது ஏதாவது நடந்துகொண்டிருக்கும் இடத்தில் ஓவியம் துணை செய்யும். தனியாக அதற்கு மட்டும் பணம் ஒதுக்குவதை நான் எதிர்ப்பேன்.

ஆகவே என் வாக்கு பெஞ்சுக்கு. ஹராரேயை அப்படியே பெயர்த்து நடச் சொல்லவில்லை. நம்மிடம் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் மருந்து அப்படியே கிடக்கிறது, எந்த வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கும் தெரியும். இவர்களிலிருந்தும், தெருவே மதிக்கிற மூத்த பெண்களிலிருந்தும் வார்டுக்கு நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது, சம்பளம். ஏழைப் பெண்களின் உழைப்பை 'சேவை' என்று புகழ்ந்துவிட்டுச் சொற்ப ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொள்வது நம் அரசுத் திட்டங்களில் ஊறிப்போன வழக்கம். அடுத்தவர் துயரத்தை நாள்தோறும் வாங்கிக்கொள்கிறவருக்கு மாநகராட்சி பட்ஜெட்டில் தனித் தலைப்பின் கீழ் மாதச் சம்பளம் வர வேண்டும். அடுத்தது, பின்னால் நிற்கும் தூண். வாரத்துக்கு ஒரு முறை மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் அன்றைக்கே யாரை அழைப்பது, எந்த ஆட்டோவில் கூட்டிப்போவது, அதற்கான பணத்தை யார் தருவது என்பது வரை எழுதிவைத்திருக்க வேண்டும். ரகசியம் காப்பதும் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சங்கதி இரண்டாம் மாடிக்குப் போய்விட்டால் பெஞ்ச் அன்றோடு காலி.

எல்லைக்கோட்டையும் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களில் பெரும்பகுதியைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அப்போது அது மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி. அடிபட்டது சென்னை மாநகரத்தில், அனுப்பப்பட்டது வேறொரு மாவட்டத்துக்கு. நகரத்தின் திட்டம் நகரத்தின் எல்லையோடு நின்றுவிட்டால், நகரம் யாரை வெளியே அனுப்பியதோ அவர்களுக்குத்தான் அது கிடைக்காமல் போகும். மாநகராட்சி தன் பணத்தை அங்கே செலவிட விதி தடுத்தால், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியாகச் செய்யட்டும். குடியமர்த்தியவர்களுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

பெஞ்சை எங்கே போடுவது என்று கடைசியில் ஒரு விவாதம் வந்தது. பிளாக்குகளுக்கு நடுவே, தண்ணீர் லாரி நிற்கும் திடலில் போடலாம், நாலு பேர் கண்ணில் படும் என்றோம். மஞ்சள் பை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்கே வேண்டாம் தம்பி. குடத்தோடு நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கே போடுங்கள். யாராவது பார்த்துக் கேட்டால் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்."

சற்று நேரம் கழித்து, அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவருடைய பிளாக்கிலேயே இரண்டு பெண்களின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்களைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.